மீட்டர் மாத்தின மாசம் கரண்ட் பில் 8,900, எப்பிடிப் போய்க் கேக்கிறது?

கோண்டாவில்_தம்பி:
வணக்கம், ஆரும் விசயம் தெரிஞ்சாக்கள் இருந்தாச் சொல்லுங்கோ. எங்கட வீட்டில நான், மனுசி, ரெண்டு பிள்ளையள், அம்மா, அஞ்சு பேர். பிரிட்ஜ் ஒண்டு, ஃபான் நாலு, டிவி, கிணத்து மோட்டர், அயன், ரைஸ் குக்கர், அவ்வளவுதான், ஏசி ஹீட்டர் ஒண்டும் இல்லை. மாசம் 80இல இருந்து 88 யூனிட்டுக்குள்ள நிக்கும், பில் 1,700 சொச்சம். 2025 ஓகஸ்ட் 6ஆம் திகதி ரெண்டு பேர் வந்து தட்டுச் சுத்துற பழைய மீட்டரைக் கழட்டிப்போட்டு டிஜிட்டல் மீட்டர் பூட்டினவை, நான் வேலைக்குப் போட்டன், அம்மாதான் நிண்டவ, ஒரு துண்டில கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டினமாம். 22ஆம் திகதி பில் வருது 214 யூனிட், வரியோட 8,900க்குக் கிட்ட!

திருவிழாவுக்கு அண்ணா ஆக்கள் கனடாவில இருந்து வந்து நிண்டவை உண்மைதான், ஆனா அவையள் விடியப் போனா இரவு சாமி இருப்புக்கு வந்த பிறகுதான் வீட்டுக்கு வருவினம், அவையாலை இவ்வளவு ஏறாது. மின்சார சபைக் கந்தோருக்குப் போய்க் கேட்டன், கவுண்டரில இருந்தவர் கொம்பியூட்டரைப் பாத்திட்டு "நீங்கள் பாவிச்சதுதான் வந்திருக்கு, புது மீட்டர் சரியாத்தான் ஓடும், பழசு குறைச்சு ஓடியிருக்கும்" எண்டு சொல்லி அனுப்பிப்போட்டார். அம்மா தான் ஏதோ பிழையாக் கையெழுத்து வச்சிட்டன் எண்டு ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை, அதுதான் எனக்குப் பெரிய கவலை. இனி ஆரிட்ட, என்னத்தை வச்சுக் கேக்கிறது?

நெல்லியடிப்_பெடியன்:
அண்ணை கட்டிப்போட்டு விடுங்கோ, உவையளோட இழுபட்டு நாளைக்கு வந்து வயரை வெட்டினாப் பிறகு திருப்பிக் குடுக்க வேற காசு கட்டோணும். எங்கட மாமா வீட்டிலயும் ஒருக்கா இப்பிடி வந்து கடைசியில கட்டினதுதான். மற்றது ஒன்லைனில பிளக்கில செருகிற கரண்ட் மிச்சம் பிடிக்கிற பெட்டி விக்கினம், அதை வாங்கிப் போட்டுப் பாருங்கோ, 40 வீதம் குறையுமாம்.

கணக்கு_ரீச்சர்:
தம்பி முதல்ல அம்மாவுக்குச் சொல்லுங்கோ அவவில ஒரு பிழையும் இல்லை எண்டு. மீட்டர் மாத்திறவை துண்டு நீட்டினா எந்த வீட்டிலயும் நிக்கிறாக்கள் வைக்கிறதுதான் கையெழுத்து.

இனிக் கணக்கைப் பாப்பம். நான் பென்சன் எடுத்து ஒன்பது வருஷம், என்ர பில்லை ஒவ்வொரு மாசமும் கொப்பியில போட்டுப் பாக்கிறனான். 2025 ஜூன் 12இல இலங்கையில கரண்ட் விலையை 15 வீதம் கூட்டினவை எல்லோ, அதுக்குப் பிறகு வீட்டுக் கணக்கு இப்பிடி: மாசம் 60 யூனிட்டுக்குள்ள நிண்டா முதல் 30க்கு யூனிட் 4.50, அடுத்த 30க்கு 8 ரூபா. 60ஐத் தாண்டினாச் சரி, முதலாவது யூனிட்டில இருந்தே கணக்கு மாறிப்போகும், முதல் 60உம் 12.75, 61இல இருந்து 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதுக்கு மேல 61 ரூபா. மாசாந்தக் கட்டணமும் படிப்படியா ஏறும், 61 தொடக்கம் 90க்கு 400, 120 வரை 1,000, 180 வரை 1,500, அதுக்கு மேல 2,100. உங்கட 88 யூனிட்டுக்கு 765உம் 518உம் 400உம் கூட்ட 1,683, 214 யூனிட்டுக்கு 8,674, ரெண்டுக்கும் மேல வரி. யூனிட் ரெண்டரை மடங்குகூட ஏறேல்லை, காசு அஞ்சு மடங்கு. ஆனபடியாக் காசைச் சொல்லிச் சண்டை பிடிச்சா அவை விகிதப் பட்டியலைக் காட்டி அனுப்பிப்போடுவினம், பட்டியல் சரிதானே. நீங்கள் கேக்கவேண்டியது அந்த 214 எப்பிடி வந்தது எண்டு, பழைய மீட்டரில எத்தினை, புது மீட்டரில எத்தினை, தொடங்கின எண் என்ன, முடிஞ்ச எண் என்ன. அந்த நாலு எண்ணையும் இங்க போடுங்கோ.

இன்னுமொண்டு, பில்லில எத்தினை நாள் எண்டு பாருங்கோ. ஒரு மாசம் படலை பூட்டி மீட்டர் பாக்காமல் விட்டு ரெண்டு மாசத்தைச் சேர்த்து அடிச்சா அந்த 60, 90, 120 எல்லைகளும் நாளுக்கு ஏத்தமாதிரி ரெண்டு மடங்கா விரியோணும், விரியாட்டி நீங்கள் பாவிக்காத உச்ச விலைக்குக் கட்டிக்கொண்டிருப்பியள், இதாலை ஏமாந்த சனம் எங்கட ஒழுங்கையிலயே இருக்கு.

சுன்னாகம்_வயரிங்:
நெல்லியடித் தம்பி கோவிக்காதையும், அந்தப் பெட்டியை ஆருக்கும் சொல்லாதையும். வீட்டு மீட்டர் எண்ணுறது கிலோவாட் மணித்தியாலம் மட்டும்தான், அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிற சின்னக் கப்பாசிட்டர் அதில ஒரு யூனிட்டும் குறைக்காது, ரெண்டு மூண்டைக் கழட்டிப் பாத்தனான், லைட் ஒண்டும் கப்பாசிட்டர் ஒண்டும்தான் கிடந்தது, சனத்தின்ர காசு போகுது.

கோண்டாவில் தம்பி, ரீச்சர் சொன்ன எண்ணுகளை எடுங்கோ, அதோட இண்டைக்கு இரவே ஒரு வேலை செய்யுங்கோ. வீட்டில எல்லாத்தையும் நிப்பாட்டி, பிரிட்ஜ் பிளக்கையும் கழட்டிப்போட்டு, மெயின் சுவிச்சைப் போட்டபடி விட்டிட்டு மீட்டரில சிவப்பு லைட்டைப் பாருங்கோ. மீட்டர் முகத்தில 1600 எண்டோ 1000 எண்டோ எழுதியிருக்கும், 1600 எண்டா அந்த லைட் 1600 தரம் மின்னினா ஒரு யூனிட். ஒண்டும் ஓடாமல் அது மின்னினா வீட்டுக்குள்ள எங்கையோ கரண்ட் ஒழுகுது. பிறகு மெயினையும் நிப்பாட்டுங்கோ, அப்பவும் மின்னினா மீட்டரில பிழை, இல்லாட்டி மெயினுக்கு முந்தி ஆரோ கொழுவியிருக்கினம், அது நீங்கள் கை வைக்கிற வேலை இல்லை, உடன அவையளுக்கு அறிவியுங்கோ. மெயினை நிப்பாட்ட நிண்டிட்டா மீட்டரைக் குறை சொல்லாதேங்கோ.

கிணத்தடிக்குப் போற வயர் மண்ணுக்குள்ளாலையா போகுது? கரண்ட் ஒழுகினாத் தானா விழுற டிரிப் சுவிச் வேலை செய்யுதா? இதுக்குக் கட்டாயம் பதில் சொல்லுங்கோ.

ஹரோவில_இருந்து:
தம்பி நான் இங்க லண்டனில, ஊர்க் கணக்கு வடிவாத் தெரியாது, ஆனா கேக்க எனக்குப் போன வருஷம் நடந்தது அப்பிடியே வருது. இங்க கரண்ட் தாற கொம்பனியை நாங்களே மாத்தலாம், மலிவு எண்டு நான் மாத்தினன், வயரும் மீட்டரும் பழசுதான், பில் அனுப்புறவை மட்டும்தான் வேற. முதல் பில்லே மூண்டு மடங்கு. பாத்தா மாறின நாளில நான் மீட்டர் எண்ணைக் குடுக்கேல்லை, அவை ஒரு மதிப்பீட்டைப் போட்டு அதில இருந்து தொடங்கியிருக்கினம். அதோட எங்கட மீட்டர் பகலுக்கும் இரவுக்கும் வேற வேற விலை எண்ணுறது, புதுக் கொம்பனி ரெண்டையும் மாறிப் பதிஞ்சுபோட்டுது, இரவு ஓடின ஹீட்டருக்கெல்லாம் பகல் விலை.

போனில கதைச்சுக் கதைச்சு ஒவ்வொருக்காவும் வேற ஆள், வேற பதில். பிறகு மகள்தான் சொன்னவ எழுத்தில முறைப்பாடு குடுங்கோ, அந்தத் திகதியில இருந்து எண்ணுங்கோ எண்டு. எட்டுக் கிழமைக்குள்ள தீர்க்காட்டி பிணக்கைத் தீர்த்து வைக்கிற எனர்ஜி ஒம்பட்ஸ்மனிட்டப் போகலாம், எங்களுக்குக் காசு செலவில்லை. பன்ரெண்டு மாசத்துக்கு முந்திப் பாவிச்சதுக்குத் தங்கட பிழையால இப்ப புதுசா பில் அடிக்கவும் ஏலாது, 2018இல வந்த விதி. நான் மீட்டர் சீரியல் இலக்கம் தெரியிற மாதிரி எடுத்த படத்தை அனுப்பின பிறகுதான் பழைய கொம்பனி முடிச்ச எண்ணும் புதுக் கொம்பனி தொடங்கின எண்ணும் ஒண்டாச்சுது. அதால கேக்கிறன், கழட்ட முந்திப் பழைய மீட்டரை ஆரும் படம் எடுத்தவையே? பிள்ளையளின்ர போனிலயும் பாருங்கோ.

கோண்டாவில்_தம்பி:
அக்கா உங்களுக்குக் கோயில் கட்டோணும்! மூத்தவள் எடுத்திருக்கிறாள், பழைய மீட்டர் சுத்திறது அவளுக்கு விருப்பம், கழட்டப் போறாங்கள் எண்டு வீடியோவே எடுத்து வச்சிருக்கிறாள், திகதியோட கிடக்கு. அதில 24,601 எண்டு வடிவாத் தெரியுது. இண்டைக்குத் திரும்பப் போய் அந்தத் துண்டின்ர கொப்பியைக் காட்டச்சொல்லிக் கேட்டன், வேற ஒரு தங்கச்சி இருந்தவ, பொறுமையா எடுத்துக் காட்டினா, அதில 24,661 எண்டு எழுதிக் கிடக்கு. பூச்சியத்துக்கு மேல ஒரு இழுவை, ஆறு மாதிரி.

ரீச்சர் கேட்ட எண்ணுகள்: ஜூலை 23 பில்லில 24,562. துண்டில 24,661. புது மீட்டர் தொடங்கினது 2, ஓகஸ்ட் 22இல 117. நாள் 30.

சுன்னாகம் அண்ணை, லைட்டைப் பாத்தன். எல்லாம் நிப்பாட்டின பிறகும் மின்னுது, 14 செக்கனுக்கு ஒருக்கா, மீட்டரில 1600 எண்டுதான் கிடக்கு. மெயினை நிப்பாட்ட நிண்டிட்டுது. கிணத்தடி வயர் மண்ணுக்குள்ளாலதான் போகுது, அண்ணா ஆக்கள் வருகினம் எண்டு ஓகஸ்ட் தொடக்கத்தில வெளியில ஒரு பாத்ரூம் கட்ட அத்திவாரம் வெட்டினது அதுக்குக் கிட்டத்தான். டிரிப் சுவிச் அடிக்கடி விழுந்ததால, வந்த மேசன் தம்பி ஆரையோ கூட்டிவந்து டிரிப்பை விட்டிட்டு நேர வயர் குடுத்து விட்டவர், வேலை முடியட்டும் எண்டு நானும் விட்டிட்டன்.

கணக்கு_ரீச்சர்:
அப்ப பழைய மீட்டரில அவை போட்டது 99, புதுசில 115, ரெண்டும் சேர 214, கணக்கு ஒத்துப்போகுது. உங்கட படத்தின்படி பழைய மீட்டர் 14 நாளில ஓடினது 39தான், நாளுக்கு 2.8 யூனிட், அது உங்கட வழமையான பாவிப்பு. பழைய மீட்டர் குறைச்சு ஓடினது எண்டு சொல்லி அந்த 99ஐ விளக்க ஏலாது. 60 யூனிட் துண்டில வந்த பிழை. அது கழிஞ்சா 154 யூனிட், 4,934 வரும், அதாவது 3,740 ரூபா குறையோணும், வரி வேற.

புது மீட்டரில 16 நாளில 115 எண்டது நாளுக்கு ஏழுக்கு மேல, அது எழுத்துப் பிழை இல்லை, அதைச் சுன்னாகத்தார்தான் சொல்லோணும்.

கடிதம் தமிழிலயே எழுதுங்கோ, கணக்கு இலக்கம், பழைய புது மீட்டர் சீரியல் இலக்கம், நாலு எண், வீடியோவில இருந்து எடுத்த படம், ஒரு பக்கத்துக்குள்ள. கோவத்தில ஒரு வரியும் வேண்டாம். பகுதிப் பொறுப்பதிகாரிக்கு எண்டு குடுத்து உங்கட பிரதியில சீல் திகதி வாங்குங்கோ. பில்லை முழுக்கக் கட்டாமல் விடாதேங்கோ, நீங்கள் ஒத்துக்கொள்ளுற 154 யூனிட்டுக்குரிய காசைக் கட்டி, மிச்சத்துக்கு முறைப்பாடு இருக்கு எண்டு கடிதத்தில போடுங்கோ. அங்க தீராட்டிப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அதே கடிதத்தைப் பிரதியோட அனுப்பலாம், பாவனையாளரின்ர இப்பிடியான பிணக்கைப் பாக்கிறதும் அவையின்ர வேலைதான்.

சுன்னாகம்_வயரிங்:
தம்பி, பில்லை விடுங்கோ, முதல்ல கிணத்தடி லைனை பிரேக்கரில நிப்பாட்டுங்கோ, இப்ப, இதை வாசிக்கிற நேரமே. 14 செக்கனுக்கு ஒருக்கா எண்டா மணித்தியாலத்துக்கு 257 மின்னல், 0.16 யூனிட், நாளைக்கு நாலு யூனிட்டுக்குக் கிட்ட, 16 நாளில 60 சொச்சம். உங்கட 115இல கூடக் கிடக்கிறது அதுதான். அத்திவாரம் வெட்டேக்க மண்வெட்டி வயரில பட்டிருக்கு, ஒழுகிற கரண்ட் மண்ணுக்குள்ள போகுது. டிரிப் சுவிச் விழுந்தது கரைச்சல் குடுக்க இல்லை, அது தன்ர வேலையைச் செய்தது, 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே விழோணும், உங்களுக்கு 700க்குக் கிட்ட ஒழுகுது. நேர வயர் குடுத்தவர் உங்கட பிள்ளையள் ஈரக் காலோட கிணத்தடியில நிப்பினம் எண்டதை யோசிக்கேல்லை. எனக்கு இதை எழுதக் கை நடுங்குது, போன மாரிக்கு இப்பிடி ஒரு வீட்டில நாய் செத்துக் கிடந்துதான் எங்களைக் கூப்பிட்டவை.

லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு அந்த வயரை முழுசா எடுத்து, குழாய்க்குள்ளால ஆழமாப் போட்டு, டிரிப் சுவிச்சைப் புதுசு பூட்டி, எர்த்தும் பாக்கச் சொல்லுங்கோ. டிரிப்பில டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமத்திப் பாருங்கோ, விழாட்டி மாத்துங்கோ.

நெல்லியடிப்_பெடியன்:
அண்ணை நான் கட்டச் சொன்னது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்கட வீட்டிலயும் மோட்டர் லைன் நேரத்தான் கிடக்கு, நாளைக்கு ஆளைக் கூப்பிடுறன்.

கோண்டாவில்_தம்பி:
மூண்டு கிழமையாச்சு, வந்து சொல்லாமல் விட்டா முறையில்லை. அண்டு இரவே லைனை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு நாள் வாளியாலதான் தண்ணி அள்ளினது. வயரைக் கிண்டி எடுக்க, அத்திவாரத்துக்கு ஒரு முழம் இங்கால மேல் உறை வெட்டுப்பட்டுச் செம்பு தெரிஞ்சது, அந்த இடம் முழுக்க ஈரம். இளையவன் அந்த இடத்தில நிண்டுதான் ஒவ்வொரு நாளும் குளிக்கிறவன். அதைப் பாத்திட்டு மனுசி கன நேரம் கதைக்கேல்லை.

கடிதம் குடுத்து ஒன்பதாம் நாள் ஒருத்தர் வீட்டுக்கு வந்து புது மீட்டரைப் பாத்திட்டு, வீடியோவையும் பாத்திட்டு, பழைய மீட்டர் ஸ்டோரில கிடந்ததை எடுத்து எண்ணைச் சரி பாத்தவையாம், 24,601 தான். இந்த மாசப் பில்லில 60 யூனிட்டுக்குரிய காசைக் கழிச்சிருக்கினம், ரீச்சர் சொன்ன கணக்கு வரியோட அப்பிடியே பொருந்துது. இந்த மாசம் யூனிட் 86.

மூத்தவள் இப்ப மீட்டருக்குக் கீழ ஒரு கொப்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை காலமை அம்மா எண்ணை வாசிக்க அவள் எழுதுறாள்.