பன்றி வால்வு, மாட்டு வால்வு: ஷாஃபி மத்ஹபில் (ஷாஃபி சட்டப் பள்ளியில்) கூடுமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். 67 வயதுக்காரருக்கு இதயத்தின் அயோர்ட்டிக் வால்வு மாற்ற வேண்டும். பன்றித் திசு வால்வு வைக்கலாமா? வைத்தால் தொழுகை கூடுமா?

பதில் 1: வ அலைக்குமுஸ்ஸலாம். மாற்று கிடைக்கிறதா என்பதில்தான் சட்டமே நிற்கிறது. இமாம் நவவீயின் மின்ஹாஜ் என்ற ஷாஃபி சட்ட நூலில், முறிந்த எலும்பை ஒட்டும் மஸ்அலா (சட்டப் பிரச்சினை) இருக்கிறது: தூய பொருள் கிடைக்காமல் நஜிஸால் (அசுத்தப் பொருளால்) ஒட்டியவருக்கு மன்னிப்பு உண்டு. கிடைத்தும் நஜிஸை வைத்தால் எடுத்துவிட வேண்டும், வெளிப்படையான தீங்கை அஞ்சினால் தவிர. நெஞ்சைத் திறந்து வால்வைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. ஆகவே ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் தொழுகையை நினைத்துக் கலங்கவே வேண்டாம்.

பதில் 2: மாற்று உண்டு. மாட்டின் இதய உறையில் தைத்த வால்வு பரவலாகக் கிடைக்கிறது. காலுக்குள் குழாய் விட்டு வைக்கும் வகையில் சேப்பியன் என்ற பிராண்ட் மாட்டுத் திசு, எவல்யூட் என்ற பிராண்ட் பன்றித் திசு. ஒப்புதல் படிவத்தில் ‘திசு வால்வு’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிராண்டும் விலங்கும் எழுதச் சொல்லுங்கள். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) பொதுவாக 2–3. இந்த வயதில் ரத்தக்கசிவு பயம் அதிகம். தவிர, எந்த வால்வானாலும் அறுவையின்போது ரத்தம் உறையாமலிருக்க ஏற்றும் ஹெபாரின் பெரும்பாலும் பன்றிக்குடலில் எடுத்ததே, அங்கே ளரூரத் (தவிர்க்க முடியாத நிர்ப்பந்தம்) தான்.

பதில் 3: முறைப்படி அறுக்காத மாடும் மைத்தா (செத்த பிராணி, நஜிஸ்) தான், மறக்க வேண்டாம். ஆனாலும் பன்றியைவிட இலேசு. வால்வுத் திசுவைக் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்துவதை இஸ்திஹாலா (நஜிஸ் வேறு பொருளாக மாறித் தூய்மையாவது) என்பது எனக்கு வலுவாகப் படவில்லை. திசுவிலுள்ள கொலாஜன் என்ற புரதம் இறுகுகிறதே தவிர வேறு பொருளாக மாறுவதில்லை.