மஞ்சள் கருவுக்கு விடுதலை கிடைத்தது 2015இலா, 2016இலா, அல்லது கிடைக்கவே இல்லையா?

ஏடுதாங்கி | காலை 6:48

நேற்று வேறோர் இழையில் நிலாமுற்றம் அவர்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. "உண்ணும் கொலஸ்ட்ராலுக்கும் இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, 2015இல் அமெரிக்க அரசே அதை ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை நீக்கிவிட்டது, இன்னும் மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறவர்கள் பழைய அச்சத்தின் கைதிகள்" என்பது அவர் வழங்கிய தீர்ப்பு. ஒதுக்குகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் மறுமொழி எழுதுவது என் கடமையாகிறது.

2015இல் வந்தது, அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டிக்கான ஆலோசனைக் குழுவின் அறிக்கை மட்டுமே. கொலஸ்ட்ராலை மிகுதியாக உண்பது கவலைக்குரியது அன்று என்று எழுதியது அந்தக் குழுதான். அரசு தன் பெயரில் வெளியிட்ட வழிகாட்டி வந்ததோ 2016 ஜனவரியில். அதில் 300 என்ற எண் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல உணவுமுறைக்குள் நின்றுகொண்டு, உணவுக் கொலஸ்ட்ராலை இயன்ற அளவு குறைவாக உண்ண வேண்டும் என்ற கருத்து அதில் இருக்கிறது. எண்ணை எடுத்துவிட்டு "இயன்ற அளவு குறைவாக" என்று எழுதி வைப்பது விடுதலையா, கடுங்காவலா என்பதை நிலாமுற்றம் அவர்களே விளக்கட்டும்.

நிலாமுற்றம் | காலை 7:31

ஐயா, தாங்கள் சான்று காட்டும் அந்த வழிகாட்டியின் அட்டையைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று தெரிகிறது. அதன் பெயரே 2015–2020 ஆண்டுகளுக்கான வழிகாட்டி என்பதுதான். அட்டையில் 2015 என்று இருக்கும்போது அது வெளிவந்த மாதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது, ஒருவரின் பிறந்த நாளைக் கேட்டால் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த நாளைச் சொல்வது போன்றது.

உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலும் பிற திசுக்களும் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. உணவின் வழியாக வருவது கூடினால் பெரும்பாலோருக்கு உள்ளே நடக்கும் உற்பத்தி குறைந்து கணக்கை ஏறத்தாழச் சரிசெய்துவிடுகிறது. ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்போ ஒன்றரை கிராம் அளவுதான். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல்.லை உயர்த்துவதில் பெரிய குற்றவாளி அந்த நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரலில் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளின் வேலையை மந்தமாக்குகிறது; பிடிக்க ஆளில்லாத எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கருவை ஆறு மாதம் அறவே விலக்கினேன், எல்.டி.எல். 162இலிருந்து 159க்கு இறங்கியது. பிறகு மஞ்சள் கருவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, வெண்ணெயையும் கேக், பிஸ்கட் வகைகளையும் நிறுத்தி, ஓட்ஸும் பயறும் கூட்டி, அன்றாடம் முக்கால் மணி நேரம் விரைந்து நடந்தேன். அடுத்த ஐந்து மாதத்தில் 127. இதற்குப் பிறகும் நான் மஞ்சள் கருவைக் கண்டு நடுங்க வேண்டும் என்றால், மன்னிக்கவும், எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஏடுதாங்கி | காலை 7:58

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். தங்கள் பானை வேறு, என் பானை வேறு. உணவிலுள்ள கொலஸ்ட்ராலைக் குடல் உறிஞ்சும் விகிதம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும் என்பதும், சிலருக்கு இரண்டு முட்டையே இரத்தக் கொலஸ்ட்ராலை நன்றாக ஏற்றிவிடும் என்பதும் ஆய்வாளர்கள் அறிந்த செய்தி.

மேலும், 1960களில் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் வகுத்த சூத்திரத்தில் உணவுக் கொலஸ்ட்ராலின் விளைவு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, வர்க்கமூலத்தின்படி ஏறுகிறது. அதாவது முதல் முட்டைக்கு இருக்கும் வீச்சு ஐந்தாம் முட்டைக்கு இராது. ஏற்கெனவே நான்கு முட்டை உண்பவரிடம் ஐந்தாவதைக் கொடுத்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று அறிவிப்பது, தொப்பலாக நனைந்தவன் மழையே பெய்யவில்லை என்று சாதிப்பதற்கு ஒப்பாகும்.

தாங்கள் எழுதியது "பங்கு குறைவு" என்று அன்று; "எந்தத் தொடர்பும் இல்லை" என்று. தங்கள் அறிக்கையிலேயே 162 என்பது 159 ஆகியிருக்கிறதே, அந்த மூன்றை எங்கே ஒளித்துவைப்பீர்கள்? வழிகாட்டி வந்தது 2016 ஜனவரி. அதிலுள்ள சொல் "குறைவாக".

கரையோரம் | காலை 8:20

அந்த மூன்று, ஆய்வகத்தில் ஒரே நபருக்கு அடுத்தடுத்த வாரங்களில் எடுத்தாலே ஏறி இறங்கக்கூடிய வேறுபாடு. அதைக்கூட அறியாமல் ஒளித்துவைப்பது பற்றிப் பேசுகிறார்.

1991இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 88 வயது முதியவர் ஒருவர் நெடுங்காலமாக நாளொன்றுக்கு 25 முட்டை உண்டுவந்தார். அவருடைய இரத்தக் கொலஸ்ட்ரால் இயல்பான அளவிலேயே இருந்தது. நல்லவேளை, ஏடுதாங்கி அவர்கள் அந்தப் பெரியவரின் பக்கத்து வீட்டில் குடியிருக்கவில்லை. இருந்திருந்தால் அறிவுரை கேட்டே அவர் நோயில் விழுந்திருப்பார்.

ஏடுதாங்கி | காலை 8:41

கட்டுரையின் தலைப்போடு படிப்பை நிறுத்திக்கொள்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பெரியவரின் குடல், உணவுக் கொலஸ்ட்ராலில் 18 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சியது; ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மற்றவர்கள் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக உறிஞ்சினார்கள். அது போதாதென்று, வந்த கொலஸ்ட்ராலை, கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றும் வேலையும் அவருடைய உடலில் இரு மடங்கு வேகத்தில் நடந்தது. அவர் விதிவிலக்கு என்பதால்தான் இதழில் இடம்பிடித்தார். கயிற்றின்மேல் நடப்பவனைக் காட்டி, பாலம் எதற்கு என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

சொல்லாய்வன் | காலை 9:05

அன்பர்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். "கொழுப்பு", "கொலஸ்ட்ரால்", "எல்.டி.எல்." ஆகிய மூன்றையும் மேலே உள்ளவர்கள் தங்கள் வசதிக்கேற்பக் கலந்து எழுதுகிறீர்கள். கொலஸ்ட்ரால் ஒரு ஸ்டெரால். அதிலிருந்து உடலுக்கு ஆற்றல் கிடைப்பதில்லை. செல் சவ்வுகளுக்கும் ஹார்மோன்களுக்கும் பித்த அமிலங்களுக்கும் அது மூலப்பொருள். எல்.டி.எல். என்பதோ அந்தக் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள். தமிழில் "கொழுப்பு" என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நிலாமுற்றம் | காலை 9:17

இந்த இழையில் மிகுந்திருப்பது தமிழில் அந்தச் சொல்லுக்குள்ள இன்னொரு பொருள்தான். அது யாரிடம் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

ஏடுதாங்கி அவர்களின் அச்சத்துக்கு வேர் 1913இல் இருக்கிறது. அவ்வாண்டு அனிச்கோவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி, அவற்றின் தமனிகளில் படிவுகள் உண்டானதைக் காட்டினார். முயல் இலை தின்னும் விலங்கு. கொலஸ்ட்ரால் அதன் இயல்பான உணவிலேயே இல்லை. ஐயா தம்மை முயலாகக் கருதிக்கொள்வது அவருடைய உரிமை; நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று ஊரையும் நம்பச் சொல்வதுதான் தொல்லை. அட்டையில் 2015 என்றுதான் அச்சாகியிருக்கிறது.

ஏடுதாங்கி | காலை 9:52

முயலைக் காட்டி 2016 ஜனவரியை மறைக்க முடியாது. 2019இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு முயல்களைப் பற்றியது அன்று. ஆறு ஆய்வுத் தொகுதிகளைச் சேர்ந்த 29,615 மனிதர்களைப் பற்றியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் கூடுதலாக உண்டவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நோய்க்கான வாய்ப்பு 17 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. எந்தத் தொடர்பும் இல்லாத ஒன்று 17 விழுக்காட்டை எங்கிருந்து கொண்டுவந்தது?

இந்த மன்றத்தில் எனக்கு இது புதிய அனுபவமும் அன்று. சென்ற ஆண்டு, வடிதாள் இல்லாமல் கொதிக்கவைத்து இறக்கும் காபியிலுள்ள காஃபெஸ்டால் என்ற பொருள் எல்.டி.எல்.லை உயர்த்தும் என்றும், காகித வடிதாள் அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்றும் நான் எழுதியபோது ஒன்பது பேர் சிரிப்புக் குறி இட்டார்கள். நிலாமுற்றம், கரையோரம் இருவரும் அந்த ஒன்பதில் அடக்கம். அது உண்மை என்று பின்னர் தெரிந்த பிறகும் ஒருவர்கூட அந்தக் குறியைத் திரும்பப் பெறவில்லை. நான் மறக்கவில்லை.

நிலாமுற்றம் | காலை 10:10

காபிக் குறியை இன்றுவரை எண்ணி வைத்திருப்பவரின் இரத்த அழுத்தத்தை எண்ணித்தான் கவலையாக இருக்கிறது.

ஜாமா ஆய்வில் மக்கள் என்ன உண்டார்கள் என்பதைத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் நோயை மட்டும் கணக்கெடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 2020இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஹார்வர்டு ஆய்வு, நாளொன்றுக்கு ஒரு முட்டை வரை உண்பதற்கும் இதய நோய்க்கும் பொதுவாகத் தொடர்பு காணப்படவில்லை என்றது. தாங்கள் 2019இல் கடிகாரத்தை நிறுத்திவிட்டீர்கள் போலும்.

மருதாணி | காலை 10:26

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அறிக்கையில் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 430 என்றும், எல்.டி.எல். "கணக்கிடப்பட்டது" என்று குறித்து 96 என்றும் வந்திருக்கிறது. எல்.டி.எல். 100க்குள் இருப்பதால் நான் நிம்மதியாக இருக்கலாமா? முட்டை உண்ணலாமா?

கரையோரம் | காலை 10:33

கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் எச்.டி.எல். எவ்வளவு என்று பாருங்கள், தோழி. அது உயரமாக இருந்தால் மற்ற எதுவும் பொருட்டில்லை. எனக்கு 72. நான் எதையும் ஒதுக்குவதில்லை.

ஏடுதாங்கி | காலை 11:04

மருதாணி அவர்களுக்கு: அந்த 96ஐ நம்பாதீர்கள். "கணக்கிடப்பட்டது" என்றால் பெரும்பாலும் 1972இல் பிரீட்வால்ட் வகுத்த சூத்திரம். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்த எண்ணையும் கழிப்பார்கள். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கழித்தல் கணக்கு செல்லாது. நேரடியாக அளந்த எல்.டி.எல்.லைக் கேட்டு வாங்குங்கள். நோன்பிருந்து மீண்டும் பரிசோதியுங்கள். சர்க்கரை அளவையும் தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள். 430க்கு முதற்கண் பார்க்க வேண்டியவை மது, இனிப்பு, மாவுப்பண்டம், உடல் எடை ஆகியவை.

கரையோரம் அவர்களுக்கு: தாங்கள் பெருமையோடு கழுத்தில் மாட்டியிருக்கும் 72 ஒரு கவசம் அன்று. எச்.டி.எல்.லை நன்றாக உயர்த்திக் காட்டிய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையை 2006இல் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் இறப்பு கூடியதே காரணம். எண் உயர்ந்தது, ஆள் பிழைக்கவில்லை. பரம்பரையாகவே எல்.டி.எல். மிகுந்திருப்பவர்கள் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தங்கள் அறிவுரையைப் படித்து எதையும் ஒதுக்காமல் இருந்தால் அதற்குத் தாங்களா பொறுப்பேற்பீர்கள்?

மருதாணி அவர்களின் முட்டைக் கேள்விக்கு விடை 2016 ஜனவரி வழிகாட்டியிலேயே இருக்கிறது: "குறைவாக".

கரையோரம் | காலை 11:15

அது மருந்தால் ஏறிய எச்.டி.எல்.; என்னுடையது ஓடியும் நீந்தியும் ஏறியது. இரண்டையும் ஒன்றாக்குவது ஆட்டைத் தூக்கி மாட்டில் போடுவது.

சொல்லாய்வன் | காலை 11:22

இப்போது எச்.டி.எல்.லும் சேர்ந்துகொண்டது. "நல்ல கொலஸ்ட்ரால்" என்று யாரும் எழுதுவதற்கு முன், துகள் வேறு, அது சுமக்கும் சரக்கு வேறு என்பதை ஒருவராவது ஏற்றுக்கொள்வீர்களா? காலை 9:05க்கு நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

நிலாமுற்றம் | பிற்பகல் 12:40

அலுவலுக்கிடையே அந்த வழிகாட்டியை மீண்டும் திறந்து பார்த்தேன். ஐயா காலையிலிருந்து மந்திரம்போல் ஓதிக்கொண்டிருக்கும் "குறைவாக" என்ற வரி வரும் அதே பகுதியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. முட்டையிலும், இறால் போன்ற ஓட்டுடலிகளிலும் கொலஸ்ட்ரால் அதிகம், நிறைவுற்ற கொழுப்பு அதிகமில்லை. ஆகவே பரிந்துரைக்கப்பட்ட அளவுக்குள் மற்றப் புரத உணவுகளோடு அவற்றையும் உண்ணலாம் என்பதே அது. ஒரு வரியைப் படித்து அடுத்த வரியில் கண்ணை மூடிக்கொண்டவர் என்னைத் தலைப்போடு படிப்பை நிறுத்துபவர் கூட்டத்தில் சேர்க்கிறார்.

ஏடுதாங்கி | பிற்பகல் 12:52

"அளவுக்குள்" என்று தாங்களே எழுதிவிட்டீர்கள். எந்தத் தொடர்பும் இல்லாத பொருளுக்கு அளவு எதற்கு? இறாலை நான் எங்கே குறைகூறினேன்? நாளொன்றுக்கு மூன்று கிராம் அளவுக்கு ஓட்ஸின் கரையும் நார்ச்சத்தை உண்டால், அது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும் என்பதையும், அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுக்கும் என்பதையும் தங்களுக்கு முன்பே இங்கே எழுதியவன் நான். தங்கள் 127 என்ற எண்ணில் அந்த ஓட்ஸுக்கு எவ்வளவு, வெண்ணெயை விட்டதற்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, மஞ்சள் கருவுக்கு மட்டும் நற்சான்று வழங்குகிறீர்கள். வெளிவந்தது 2016 ஜனவரி.

நிலாமுற்றம் | பிற்பகல் 12:55

அட்டையில் 2015.

மருதாணி | பிற்பகல் 1:10

நேரடியாக அளக்கும் எல்.டி.எல். பரிசோதனைக்கு நாளை காலை போகிறேன், நன்றி. இன்றிரவு முட்டை உண்ணலாமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ஏடுதாங்கி | பிற்பகல் 1:14

அந்த நூலை முழுவதும் படித்துவிட்டு வாருங்கள், அம்மா. அட்டையை அன்று.