அம்மா அறை ஒழுகல்: புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தேன், மாயவரம் வீட்டில் அம்மா படுக்கும் அறையின் மெட்ராஸ் டெரஸ் தளம் (தேக்குக் கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய காலத்துக் கூரை) ஒழுகுகிறது, இன்னொரு தடவை சிமென்ட் பூசிவிடலாமா என்று. வேண்டாம் என்று தடுத்த எல்லாருக்கும் நன்றி.

எழுபதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் கிடைத்தார். பத்து வருஷம் முன்பு நாங்கள் போட்ட சிமென்ட் பூச்சை ஓரத்தில் கொத்திக் காட்டினார். அடியில் இருந்த சுண்ணாம்பு, ஊறிய அவல் மாதிரி கையில் ஒட்டியது. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் தேக்குக் கட்டைக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு கட்டைகள், சுவருக்குள் போகும் முனையில், விரலால் அழுத்தினாலே பொடிந்தன. அதற்குக் கீழேதான் அம்மா கட்டில்! நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கட்டைகளை மாற்றி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து அடித்து, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதித்தாயிற்று. சத்தம் அம்மாவைத் தொந்தரவு செய்யுமோ என்று பயந்தேன். அவரோ கூடத்தில் உட்கார்ந்து, "உங்க தாத்தா கட்டறப்போ பொம்பளைங்க வரிசையா உக்காந்து பாடிக்கிட்டே அடிப்பாங்கடா" என்றார். 86 வயதில் அந்தப் பாட்டில் இரண்டு வரி பாடியும் காட்டினார்.

அப்படியே கழிவறையிலும் கைப்பிடி வைத்தாயிற்று. இத்தனை நாள் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருமுறை பாருங்கள்.

ஐப்பசி மழை தாண்டியதும் தளம் எப்படி என்று எழுதுகிறேன்.