மறு: வேர்ல்டு டைம் வாட்சும் அதன் நான்கு உலோகங்களும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரே முகப்பில் பல ஊர் நேரம் காட்டும் 'வேர்ல்டு டைம்' வாட்சுக்குப் போன வாரம் தமிழில் ஒரு சொல் கேட்டேன். பதினொன்று வந்து விழுந்திருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. கட்டுரை திங்கட்கிழமை இதழுக்குப் போக வேண்டும், அதனால் இன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக: கட்டுரை சுவிஸ் நிறுவனமான படேக் பிலிப்பின் 5110 என்ற கைக்கடிகாரத்தைப் பற்றியது. 2000-இல் வந்தது, 37 மில்லிமீட்டர் அகலம். மஞ்சள் தங்கம், ரோஸ் கோல்டு, ஒயிட் கோல்டு, பிளாட்டினம் என நான்கிலும் செய்தார்கள். உள்ளே ஓடுகிற இயந்திரம் நான்கிலும் ஒன்றுதான். ஆகவே ஒப்பீடு முழுக்க உலோகத்தைச் சுற்றியே போகிறது. உலோகப் பெயரில் குழம்பினால் கட்டுரையே கவிழ்ந்துவிடும்.

முதலில் வாட்ச்.

> உலக நேரக் கடிகாரம் என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். உலக நேரம் என்றால் உலகத்துக்கே பொதுவான ஒரே நேரம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். விமானிகளும் வானியல்காரர்களும் பயன்படுத்துகிற பொது நேரத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இந்த வாட்ச் அதற்கு நேர் எதிரானது, ஒரே முகப்பில் 24 நேரம் காட்டுகிறது. பிரெஞ்சிலும் இதே வம்புதான். 5110-க்குள் ஓடும் இயந்திரத்தின் பெயர் 240 ஹெச்.யூ. அதில் வரும் அந்த இரண்டு எழுத்தையும் பிரித்தால் 'பிரபஞ்ச நேரம்' மாதிரி ஒரு பொருள்தான் வரும். அவர்களுக்குப் பழகிவிட்டது. நாம் புதிதாக வைக்கிறோம், அதே பள்ளத்தில் ஏன் விழ வேண்டும்?

வாட்ச் என்ன செய்கிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும் என்று நினைக்கிறேன். 1931-இல் ஜெனீவா பக்கத்தில் காரூஜில் லூயி கோட்டியே என்ற கைவினைஞர் இந்த அமைப்பை உருவாக்கினார். நடுவில் சாதாரண மணி முள், நிமிட முள். அவற்றைச் சுற்றி 24 மணிக்கான வளையம், பகல் பாதி வெளிறியும் இரவுப் பாதி இருண்டும் இருக்கும். அதற்கு வெளியே ஊர்ப் பெயர்கள் எழுதிய வளையம். பன்னிரண்டுக்கு நேராக எந்த ஊர் நிற்கிறதோ அந்த ஊர் மணியை முள் காட்டும். மற்ற ஊர்களின் மணியை, அந்தந்த ஊருக்கு நேராக உள்வளையத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

5110-இல் பத்து மணிப் பக்கம் ஒரு பொத்தான் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் மணி முள் ஒரு மணி தாண்டும், ஊர்வளையம் ஓர் ஊர் நகரும், உள்வளையம் அதோடு ஒரு மணி திரும்பும். நிமிட முள் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விமானத்தை விட்டு இறங்கியவர் பொத்தானை நாலு தடவை அழுத்திவிட்டுப் போகலாம், ஒரு விநாடிகூடப் பிசகாது.

இதில் 'ஊர்வளையம்' என்று எழுதினேனே, அது இந்தக் குழுவில் பெங்களூர் அம்மா தந்த சொல். ஒருவரும் மறுக்கவில்லை, எடுத்துக்கொண்டேன். 24 மணி வளையத்துக்கு 'மணிவளையம்'.

> பன்னேரக் கடிகாரம்: பல் + நேரம் = பன்னேரம். இலக்கணம் சரி, சுருக்கமும்கூட.

இலக்கணம் சரிதான். ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்கு டீக்கடையில் பன் வருகிற நேரம்தான் கேட்கிறது. ஒரு தடவை சிரித்துவிட்டால் அப்புறம் அந்தச் சொல்லால் தலை நிமிர முடியாது.

என் முன்மொழிவு: பல்லூர்க் கடிகாரம். வளையத்தில் எழுதியிருப்பது ஊர், பொத்தான் நகர்த்துவதும் ஊர். இதில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு இடத்து நேரம் மட்டும் காட்டும் வாட்சை ஈரூர்க் கடிகாரம் என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் கடைக்காரர்களே குழப்புகிறார்கள். ஈரூர், பல்லூர் என்று வைத்தால் குழப்ப வழியில்லை. பல்லூர் என்றால் ஏதோ பஸ் போகிற ஊர் மாதிரி இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும்.

இனி உலோகம். இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது.

ஒயிட் கோல்டுக்கு மூன்று பேர் 'வெண்பொன்' சொன்னீர்கள். அழகான சொல், ஆனால் ஏற்கெனவே ஆள் இருக்கிற வீடு. பழந்தமிழில் வெண்பொன் வெள்ளி, கரும்பொன் இரும்பு. பொன் என்பதே அங்கே உலோகத்துக்குப் பொதுப்பெயராக வருகிறது, ஐம்பொன்னில் வருவது போல. 'வெண்தங்கம்' என்றால் அதைப் பிளாட்டினத்துக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிடுகிற கட்டுரையில் அது தற்கொலை. பிரெஞ்சுக்காரர்கள் ஒயிட் கோல்டை 'சாம்பல் தங்கம்' என்கிறார்கள், 5110-இன் பின்னால் போடும் ஜி எழுத்து அந்தச் சாம்பலைத்தான் குறிக்கிறது. உண்மையில் அதுதான் நேர்மையான பெயர். தங்கத்தில் பல்லேடியமோ நிக்கலோ கலந்து நிறத்தைக் கொல்கிறார்கள், பளீர் வெண்மை வேண்டுமென்றால் மேலே ரோடியம் பூச வேண்டும். ஆனால் தமிழ் வாசகரிடம் சாம்பல் தங்கம் என்று போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. பேசாமல் 'வெள்ளைத் தங்கம்'. பிளாட்டினம் பிளாட்டினமாகவே இருக்கட்டும்.

ரோஸ் கோல்டுக்கு 'செம்பொன்' வேண்டாம். செம்பொன் என்றால் மாசில்லாத உயர்ந்த பொன். ரோஸ் கோல்டு அதற்கு மாறானது, நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம், மிச்சத்தில் பெரும்பகுதி செம்பு. 'ரோஜாத் தங்கம்' பால்கோவாக் கடை வாசனை அடிக்கிறது. 'செம்புத் தங்கம்' எனக்குப் பிடித்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று நேராகச் சொல்கிறது. நகைத்தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வணக்கம் அண்ணா. கோவையிலிருந்து.

செம்புத் தங்கம் வேண்டவே வேண்டாம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பட்டறை வைத்திருக்கிறது. 'செம்பு கலந்திருக்கு' என்று ஒரு வார்த்தை வாடிக்கையாளர் காதில் விழுந்தால் அது ஏமாற்று என்றுதான் பொருள். நீங்கள் கலவையைச் சொல்கிறீர்கள், அவர் திருட்டைக் கேட்பார். 'செந்தங்கம்' என்று எழுதுங்கள். நிறம் வந்துவிட்டது, பழைய செம்பொன்னோடும் மோதாது.

தங்கத்துக்குத் தனித்தனிப் பெயர் வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைப் பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நான்கு வகை பிரித்தறியும் வணிகர்கள் வருகிறார்கள். உங்கள் வாட்சும் நான்கு என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஒரு யோசனை: எடையைப் பற்றி எழுதுங்கள். நம் ஆட்களுக்கு நிறத்தைவிட அது சீக்கிரம் புரியும். 18 காரட் மஞ்சள் தங்கம் 15 கிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும் அதே கன அளவில் 950 பிளாட்டினம் (ஆயிரத்துக்கு 950 பங்கு பிளாட்டினம்) 20 கிராமுக்கு மேல் பிடிக்கும். ஒரே அச்சில் வார்த்தால் ஒன்று இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, மற்றது இரண்டரைப் பவுன். கையில் கட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

---

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

பல்லூர் நல்லாயிருக்கு. ஆனால் நாங்கள் கடிகாரத்தை விட 'மணிக்கூடு' என்றுதான் சொல்வோம், 'பல்லூர் மணிக்கூடு' என்றும் ஒரு இடத்தில் போட்டுவிடுங்கோ.

ஒரு குறை. அந்த ஊர்வளையத்தில் கராச்சி உண்டு, அடுத்தது டாக்கா. கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி வித்தியாசத்தில் இருக்கிற நீங்களும் நாங்களும் நடுவில் காணாமல் போய்விட்டோம். வஷெரோன் கொன்ஸ்தாந்தின் என்ற இன்னொரு சுவிஸ் நிறுவனம் 2011-இல் விட்ட வாட்சில்தான் அரைமணி, கால்மணி இடங்களையும் சேர்த்து 37 நேரம். இன்னொரு கூத்து: 5110 வந்த 2000-இல் இலங்கை நேரம் ஆறு மணி வித்தியாசத்தில் இருந்தது. 1996-இல் மாற்றி 2006-இல்தான் பழையபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக அந்த ஆறு வருசம் கொழும்பில் 5110 கட்டியவருக்கு டாக்கா சரியாகப் பொருந்தியிருக்கும்.

---

நன்றி. டாக்கா விஷயம் பெட்டிச்செய்தியாகப் போகிறது. செந்தங்கம் ஏற்கப்பட்டது, செம்புத் தங்கத்தை வருத்தத்தோடு கைவிடுகிறேன்.

கட்டுரையில் இப்போது இப்படி நிற்கிறது:

"பல்லூர்க் கடிகாரமான 5110-ஐ மஞ்சள் தங்கத்திலும் செந்தங்கத்திலும் பார்த்தால் தங்கம் என்று தூரத்திலேயே தெரியும். வெள்ளைத் தங்கம் அடக்கமானது, ஸ்டீல் என்று எண்ணி அடுத்தவர் கடந்துபோவார். பிளாட்டினத்துக்கு நீல முகப்பு, ஆறு மணிக்குக் கீழே வார் சேருமிடத்தில் ஒளித்துவைத்த மாதிரி ஒற்றை வைரம். மற்ற மூன்றும் கண்ணுக்கு. இது கட்டியவரின் மணிக்கட்டுக்கு மட்டும் தெரிகிற கனம்."

என்னைக் கேட்டால் காசு இருந்தால் வெள்ளைத் தங்கம்தான். ஆனால் அது கட்டுரையில் இல்லை. 18 காரட்டை, தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் நம் பழைய 'மாற்று' கணக்கில் எப்படிச் சொல்வது? பட்டறையில் யாராவது இன்னும் சொல்கிறார்களா?

---

அண்ணா, அப்பாவிடமே கேட்டேன். பத்தரை மாற்று சொக்கத் தங்கம் என்று வைத்துக்கொண்டால் அதில் முக்கால் பங்கு. காகிதம் எடுக்காமலே 'ஏழே முக்காலே அரைக்கால்' (7⅞) என்றார். அப்புறம் வாட்சின் விலையைச் சொன்னேன். "எட்டு மாற்றுகூட இல்லை, அதுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.