ரிப்பீட்டர் காப்புரிமை: இரண்டு பழைய ஆவணங்களை ஒட்டவைத்து "இது யாருக்கும் தோன்றும்" என்கிறார்கள், எப்படிப் பதில் சொல்வது?

சிக்னல்_வீக்:

வணக்கம். காப்புரிமை வேலையில் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். நாங்கள் ஒரு சின்ன டீம், செல்போன் சிக்னலை வாங்கிப் பெருக்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று செய்தோம், 2021 கடைசியில் இந்தியாவில் விண்ணப்பம் போட்டோம். இப்போது எஃப்இஆர், அதாவது காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை, வந்திருக்கிறது. புதுமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள், ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவின்படி இன்வென்டிவ் ஸ்டெப் (துறையில் தேர்ந்தவருக்குச் சுலபமாகத் தோன்றாத கண்டுபிடிப்புப் படி) இல்லையாம்.

எங்கள் விஷயம் இதுதான். ரிப்பீட்டரில் ஒரு ஆன்டெனா டவரைப் பார்த்து இருக்கும், இன்னொன்று ஊரைப் பார்த்து இருக்கும். இந்தப் பக்கம் வெளியே போகிற சிக்னல் கொஞ்சம் கசிந்து அந்தப் பக்க ஆன்டெனாவுக்கே திரும்பி வந்துவிட்டால், அது மறுபடி பெருக்கப்பட்டு, கடைசியில் பெட்டியே ஊளையிட ஆரம்பித்துவிடும். அதனால் இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே ஐசோலேஷன் (கசிவு தடுக்கப்படும் அளவு) எவ்வளவு என்று அடிக்கடி அளந்து, கெயினை (பெருக்கும் அளவை) அதற்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். பொதுவாக 15 டிபி (டெசிபல்) இடைவெளி விடுவார்கள். நாங்கள் செய்தது, டிடிடி முறையில் (ஒரே அலைவரிசையில் இரண்டு திசையும் மாறி மாறிப் பேசுவது) டவுன்லிங்க் (டவரிலிருந்து போனுக்கு) முடிந்து அப்லிங்க் (போனிலிருந்து டவருக்கு) தொடங்கும் முன் வரும் கார்டு பீரியடில், அதாவது யாரும் பேசாத அந்தச் சின்ன இடைவெளியில், ஒரு சோதனை சிக்னலை அனுப்பி ஐசோலேஷனை அளப்பது.

எக்ஸாமினர் டி1, டி2 என்று இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருக்கிறார். டி1 ஒரு ரிப்பீட்டர்தான், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிற டிராஃபிக்கையே வைத்து, வெளியே போனதையும் உள்ளே வந்ததையும் கோரிலேட் செய்து (ஒப்பிட்டுப் பொருத்தம் பார்த்து) அளக்கிறது. டி2 ஒரு டிடிடி பேஸ் ஸ்டேஷன் (டவரில் இருக்கும் கருவி), அது தன் ஆன்டெனா வரிசையை கார்டு பீரியடில் கேலிபரேட் செய்துகொள்கிறது, அதாவது அளந்து சரிசெய்துகொள்கிறது. டி1-இல் அளப்பதை டி2 சொல்கிற நேரத்தில் செய்தால் முடிந்தது, இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்பதுதான் ஆட்சேபத்தின் சாரம். பேஸ் ஸ்டேஷன் வேறு, ரிப்பீட்டர் வேறு, இரண்டும் சம்பந்தமே இல்லாதவை என்று பதில் போடலாம் என்று இருக்கிறோம். சரியா?


மனு_எழுதி:

அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பேஸ் ஸ்டேஷன், ரிப்பீட்டர் இரண்டையுமே வயர்லெஸ் எஞ்சினியர்தான் வடிவமைக்கிறார், ஒரே ஆள் காலையில் அதையும் மதியம் இதையும் பார்ப்பார். வேறு துறை என்று சொன்னால் ஹியரிங்கில் (காப்புரிமை அலுவலக விசாரணையில்) ஒரு நிமிடம்கூட நிற்காது.

சட்டம் கேட்பது என்ன? ஏற்கெனவே தெரிந்ததோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருளாதார முக்கியத்துவம் இருக்க வேண்டும், இரண்டும் இருந்தாலும் நல்லது. ஆனால் எது இருந்தாலும், அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது சுலபமாகத் தோன்றக்கூடாது. கடைசிப் பாதிதான் எல்லாரையும் கவிழ்ப்பது. பிஷ்வநாத் பிரசாத் வழக்கு என்று ஒன்று உண்டு, பாத்திரம் செய்யும் லேத் பற்றியது, உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்புச் சொன்னது. பட்டறையில் யாரும் செய்யக்கூடிய சின்ன மேம்பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது, தெரிந்த உறுப்புகளைச் சும்மா சேர்த்து வைத்தால் போதாது, சேர்க்கையால் புதிய விளைவோ மேலான, மலிவான பொருளோ வர வேண்டும் என்றார்கள். இன்றைக்கும் எல்லாரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

உங்கள் பக்கம் சாய்கிற ஒன்றும் இருக்கிறது. 2022-இல் அக்ரிபோர்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், இன்வென்டிவ் ஸ்டெப் இல்லை என்று நிராகரித்தால் பழைய ஆவணம் என்ன சொல்கிறது, இந்தக் கண்டுபிடிப்பு என்ன சொல்கிறது, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தேர்ந்தவர் எப்படி வந்து சேர்வார் என்ற மூன்றையும் கன்ட்ரோலர் (முடிவெடுக்கும் காப்புரிமை அதிகாரி) விளக்கியாக வேண்டும் என்றது. "டி1 + டி2 = கிளெய்ம் 1" (கிளெய்ம் என்றால் நீங்கள் உரிமை கோரும் வாசகம்) என்று கூட்டல் போட்டால் மட்டும் போதாது. எஃப்இஆரில் மூன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த இடைவெளி எப்போது வருகிறது என்று உங்கள் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது கிளெய்ம் 1-இல் இருக்கிறதா?


ஆர்எஃப்_ஆறுமுகம்:

மேலே கேட்டிருப்பதுதான் உயிர்நாடி. நான் சட்டம் படித்தவன் இல்லை, ஆனால் டிடிடி ரிப்பீட்டர்களோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பேஸ் ஸ்டேஷனுக்கு கார்டு பீரியட் என்பது தானே போட்ட இடைவெளி. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். டிடி-எல்டிஇயில் (டிடிடி முறை 4ஜி) ஸ்பெஷல் சப்ஃப்ரேம் (திசை மாறும் நேரத்துண்டு) கான்ஃபிகரேஷன் 7 எடுத்துக்கொள்ளுங்கள், 14 சிம்பலில் (சிம்பல் என்பது அதற்குள் வரும் சின்ன நேர அலகு) 10 டவுன்லிங்க், 2 கார்டு, 2 அப்லிங்க். இரண்டு சிம்பல் என்றால் சுமார் 143 மைக்ரோ செகண்ட். டவர் உச்சியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த 143-ம் முழுசாகக் கிடைக்கும், ஸ்விட்ச் ஆகிற நேரத்தைக் கழித்துக்கொண்டால் போதும்.

ரிப்பீட்டர் இருக்கிற இடம் எது? சிக்னல் கிடைக்காத இடம், அதாவது செல்லின் ஓரம். டவுன்லிங்கின் கடைசிச் சிம்பல் அங்கே தாமதமாக வந்து சேர்கிறது. அப்லிங்கோ டவருக்குச் சரியான நேரத்தில் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக டைமிங் அட்வான்ஸ் போட்டு முன்கூட்டியே கிளம்பிவிடும். இரண்டு பக்கமும் கடித்தால் நடுவில் மிச்சம் எவ்வளவு? 3 கிலோமீட்டர் தூரத்தில் 20 மைக்ரோ செகண்ட் போய்விடும், பரவாயில்லை. 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் வைத்தால் 67 போய்விடும், கிட்டத்தட்ட பாதி. அது போதாதென்று எங்கேயோ தூரத்தில் இருக்கிற இன்னொரு டவரின் டவுன்லிங்க் சில சமயம் அந்த நேரத்தில்தான் மிதந்து வந்து விழும். கடலோரங்களில் காற்றடுக்கு வாகாக அமையும் நாட்களில் இந்தத் தொல்லை தாங்காது, 3ஜிபிபி (செல்போன் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) ரிலீஸ் 16 என்ற பதிப்பில் இதற்கென்றே தனியாக வழிமுறை கொண்டுவந்தார்கள். ஆக டி2-வை அப்படியே தூக்கி டி1-க்குள் வைத்தால், ஓரத்தில் இருக்கிற ரிப்பீட்டர் சோதனை சிக்னலை யாருடைய அப்லிங்க் மேலேயோ கொட்டும். பெட்டி வேலை செய்யாது என்று சொல்லவில்லை, கெடுதல் செய்யும்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. "எங்கள் ரிப்பீட்டர் ஃப்ரேம் (திரும்பத் திரும்ப வரும் நேரச்சட்டம்) டைமிங்கைக் கண்டுபிடிக்கிறது" என்பதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். டிடிடி ரிப்பீட்டர் என்றாலே திசை மாற்றுவதற்காக டைமிங் பிடித்தாக வேண்டும், அது எல்லாரும் செய்வது.


சிக்னல்_வீக்:

ஆறுமுகம் அண்ணா, நீங்கள் சொல்வது அப்படியே எங்கள் விவரக்குறிப்பில் (விண்ணப்பத்தோடு கொடுத்த முழு விளக்கத்தில்) இருக்கிறது! டவரிலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ப அளக்கும் ஜன்னலைச் சுருக்குவது, அதற்குள்ளும் சக்தியைப் பார்த்து வேறு சிக்னல் விழுந்திருந்தால் அந்த ஃப்ரேமை விட்டுவிடுவது. ஆனால் அது கிளெய்ம் 4-இல் இருக்கிறது. கிளெய்ம் 1 வெறும் "கார்டு பீரியடில் அளத்தல்" மட்டும்தான், அகலமாக இருக்கட்டும் என்று அப்படிப் போட்டோம்.

இன்னொன்று கிடைத்தது. டி1-இன் முன்னுரைப் பத்தியில், சோதனை சிக்னல் அனுப்பி அளப்பது நல்லதல்ல, அது பயன்பாட்டில் இருக்கும் சிக்னலைக் கெடுக்கும், அதனால்தான் நாங்கள் டிராஃபிக்கையே பயன்படுத்துகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். எக்ஸாமினர் இந்தப் பத்தியைக் குறிப்பிடவே இல்லை. நாங்கள் செய்வதை வேண்டாம் என்று டி1-ஏ சொல்கிறது, இது போதாதா?


வர்ஜீனியா_வாசி:

இங்கே அமெரிக்காவில் காப்புரிமை அலுவலகம் அனுப்பும் இதே மாதிரி ஆக்‌ஷன்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் எதிர்ப்பக்கம் நின்று கொஞ்சம் அடித்துப் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பத்தி நல்ல துருப்புதான், ஆனால் இருபக்கமும் வெட்டும். டி1 சோதனை சிக்னலை ஏன் வேண்டாம் என்கிறது? ஓடுகிற டிராஃபிக்கைக் கெடுக்கும் என்பதால். கார்டு பீரியடில் டிராஃபிக்கே இல்லை. ஆகவே டி1 பயந்த காரணத்தை டி2 நீக்கிவிடுகிறது, தேர்ந்தவர் சந்தோஷமாக இரண்டையும் சேர்ப்பார் என்று எக்ஸாமினர் அடுத்த சுற்றில் எழுதுவார். நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் எழுதுவேன். தவிர, வேறு வழி நல்லது என்று சொல்வதும் இந்த வழியில் போகாதே என்று தடுப்பதும் ஒன்றல்ல. 2004-இல் ஃபுல்ட்டன் வழக்கில், ஷூ அடிப்பாகத்தில் இருக்கிற அறுகோணக் குமிழ்களைப் பற்றிய சண்டை அது, ஃபெடரல் சர்க்யூட் (அமெரிக்கக் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் நீதிமன்றம்) இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது.

2007-இல் கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு இங்கே நிலைமை இன்னும் கடினம். அதற்கு முன்னால், இரண்டு ஆவணங்களைச் சேர்க்க வேண்டும் என்று ஏதோ ஒரு ஆவணமோ துறையின் அறிவோ சுட்டிக்காட்டியிருக்க வேண்டும் என்று கறாராகப் பிடித்துக்கொள்ளலாம். கார் பெடலில் சென்சார் பொருத்திய அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தேர்ந்தவர் ஒன்றும் இயந்திரம் இல்லை, அவருக்கும் சாதாரணக் கற்பனை இருக்கும் என்று சொல்லி அந்தக் கறாரைத் தளர்த்திவிட்டது. இன்னொரு வாதமும் வரும். டிடிடி ஃப்ரேமில் அமைதியான இடங்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணிவிடக்கூடிய சில வழிகள், பலன் முன்கூட்டியே தெரியும், ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது சகஜம்தானே என்பார்கள். கிளெய்ம் 1 இப்போது இருக்கிற மாதிரியே இருந்தால் இந்த வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கிளெய்ம் 4 உள்ளே வந்துவிட்டால் கதை வேறு. சுருங்கும் ஜன்னல் டி1-இலும் இல்லை டி2-இலும் இல்லை. பேஸ் ஸ்டேஷனுக்கு அப்படி ஒரு பிரச்சினையே வராது என்பதால் டி2 எழுதியவர் அதை யோசித்திருக்கவே முடியாது. ஐரோப்பாவில் இதைக் கொண்டுபோனால் இன்னும் சுலபம், அங்கே மிக நெருங்கிய பழைய ஆவணத்தை வைத்து, வித்தியாசம் தீர்க்கிற தொழில்நுட்பப் பிரச்சினை என்ன என்று முதலில் வரையறுப்பார்கள். அந்தப் பிரச்சினையையே இரண்டு ஆவணங்களும் அறியாது என்றால் பாதி வேலை முடிந்தது.


ஆர்எஃப்_ஆறுமுகம்:

தேதி விஷயமும் பாருங்கள். 3ஜிபிபி கூட்டங்களுக்கு வருகிற பங்களிப்பு ஆவணங்கள் ஏற்றிய அன்றே யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், கூட்டம் ஏற்றுக்கொள்ளாமல் தூக்கிப் போட்டதும்கூட பழைய ஆவணம்தான். நெட்வொர்க் கட்டுப்படுத்தும் ரிப்பீட்டர் பற்றி ரிலீஸ் 18-க்கான ஆய்வு 2022-இல் நடந்தது, அதற்கு முன்னால் நீங்கள் போட்டுவிட்டது அதிர்ஷ்டம். ஆனால் ரிலீஸ் 10 காலத்து ரிலே நோடு (டவருக்கும் போனுக்கும் நடுவே நின்று கடத்தும் கருவி) ஆவணங்களைத் தேடிப் பார்த்தீர்களா? டவரிடமிருந்து கேட்கிற நேரத்தில் போன்களுக்கு அனுப்ப முடியாது என்பதால் எம்பிஎஸ்எஃப்என் சப்ஃப்ரேம் (ஒலிபரப்புக்கென ஒதுக்கிய நேரத்துண்டு) என்று அறிவித்து போன்களைச் சும்மா இருக்க வைத்த தந்திரம் அங்கேதான் வந்தது. வேறு காரியத்துக்காக வைத்திருந்த இடைவெளியை ரிலே தன் வேலைக்கு எடுத்துக்கொள்வது என்ற யோசனை அப்போதே உண்டு. எக்ஸாமினர் டி3 என்று அதை இழுத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

(லைசென்ஸ் இல்லாமல் வீட்டு மாடியில் பூஸ்டர் மாட்டுகிறவர்கள் பெட்டியில் இந்த அளவீடு எதுவும் இருப்பதில்லை, அது ஊளையிட்டுப் பக்கத்து டவரையே மூழ்கடிக்கும். அது தனி வயிற்றெரிச்சல்.)


மனு_எழுதி:

கிளெய்ம் 4-இல் இருக்கிற ஜன்னல் சுருக்குவதை கிளெய்ம் 1-க்குள் கொண்டுவாருங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பிரிவு 59 திருத்தத்தைச் சுருக்கும் திசையில் மட்டும்தான் விடும். விவரக்குறிப்பில் இல்லாததைச் சேர்க்க முடியாது, திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்ம் ஒன்றின் எல்லைக்குள் முழுசாக அடங்க வேண்டும். உங்களுடையது அடங்குகிறது. வேறு சிக்னல் விழுந்தால் ஃப்ரேமை விடுவதையும் சேர்க்கலாமா என்பது வியாபாரக் கணக்கு. சேர்த்தால் காப்புரிமை கிடைப்பது சுலபம், போட்டியாளர் அதைத் தவிர்த்துச் செய்வதும் சுலபம். நான் ஜன்னல் சுருக்குவதோடு நிறுத்தி, மற்றதைச் சார்புக் கிளெய்மாக (கிளெய்ம் 1-ஐச் சார்ந்து நிற்பதாக) விடுவேன்.

பதிலில் டி1-இன் முன்னுரைப் பத்தியை முதல் வாதமாக வைக்காதீர்கள், வர்ஜீனியாக்காரர் சொன்ன அடி விழும். முதலில் சுருங்கும் ஜன்னல், இரண்டு ஆவணத்திலும் அது இல்லை. அடுத்து, டி2-வை அப்படியே டி1-இல் வைத்தால் செல் ஓரத்தில் என்ன கெடும் என்று ஆறுமுகம் போட்ட கணக்கு, அதை ஒரு படமாகவே வரைந்து இணையுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பத்தி. 3(எஃப்) ஆட்சேபம் எஃப்இஆரில் இல்லாவிட்டாலும் ஹியரிங்கில் எழலாம், தெரிந்த கருவிகள் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு வேலை செய்தால் அது வெறும் அடுக்கல் என்பார்கள். அளவீடு கெயினை மாற்றுகிறது, தூரம் அளவீட்டையே மாற்றுகிறது, ஆகவே தனித்தனியாக இல்லை என்று ஒரு பத்தி இப்போதே எழுதிவிடுங்கள். முறைக் கிளெய்ம் இருந்தால் 3(கே)-க்கும் (கணினி நிரல், அல்காரிதம் போன்றவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்ற பிரிவு) ஒன்று.

பதில் போட எஃப்இஆர் தேதியிலிருந்து 6 மாதம். முடியாவிட்டால் அது முடியும் முன்பே படிவம் 4 (கால நீட்டிப்பு மனு) போட்டு 3 மாதம் வாங்கலாம், தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.


சிக்னல்_வீக்:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: விண்ணப்பம் போட்ட பிறகு வயலில் வைத்து எடுத்த அளவீடுகள் இருக்கின்றன, ஜன்னலைச் சுருக்காமல் வைத்தபோது அப்லிங்க் பிழை ஏறுவது தெளிவாகத் தெரிகிறது. இதை இணைக்கலாமா?


மனு_எழுதி:

இணையுங்கள், ஆனால் விவரக்குறிப்புக்குள் அல்ல, பதிலோடு ஒரு அஃபிடவிட்டாக. அந்த நன்மை விவரக்குறிப்பில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும் பத்தியின் எண்ணை அதில் காட்ட வேண்டும், இல்லையென்றால் பின்னால் கண்டுபிடித்ததை முன்னால் ஒட்டுகிறீர்கள் என்பார்கள். எத்தனை கிலோமீட்டரில் எடுத்தது, எந்த கான்ஃபிகரேஷன், கெயின் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள், வெறும் கிராஃப் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.