டொல்பின் வேன் டைமிங் பெல்ட்: விளக்கு எரியும் வரை பொறுக்கலாமா?

மஸ்கெலியா ஸ்கூல்வேன்:
வணக்கம். என்னுடையது டொயோட்டா டொல்பின், 3எல் டீசல் எஞ்சின். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். போன வருடம் வாங்கும்போது "பெல்ட் இப்போதுதான் போட்டது" என்றார் விற்றவர். பில் கேட்டதற்குச் சிரித்தார், அவ்வளவுதான். டாஷ்போர்டில் டைமிங் பெல்டை மாற்றச் சொல்லும் டி-பெல்ட் விளக்கு இன்னும் எரியவில்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முன்பக்கம் கிர்ரென்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். கராஜில் பெல்டை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் ஸ்டாண்டில் ஒருவரோ, தன் 110 மொடல் கொரோலா காரில் பெல்ட் அறுந்தும் எதுவும் ஆகவில்லை, புதிது போட்டதும் ஓடியது என்கிறார். அப்படியென்றால் அறுந்த பிறகு மாற்றினால் போதாதா?

பண்டாரவளை கார்க்காரன்:
அவருடைய 110 பெற்றோலா டீசலா என்று முதலில் கேளுங்கள். என் மாமாவினுடையது 2சி டீசல். பெல்ட் அறுந்த பிறகு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வால்வுகளை மேசையில் வைத்துக் காட்டினார்கள். பல வால்வுகள் கோணியிருந்தன.

கொட்டகலை பாஸ்:
அதேதான் விஷயம். பெற்றோல் 110இல் வரும் 5ஏ எஞ்சினில் வால்வு திறந்து நின்றாலும் பிஸ்டன் அதைத் தொடாது. அதனால் அவர் தப்பினார். உங்கள் 3எல் டீசல். காற்றை 22 மடங்குக்கு நசுக்குகிற எஞ்சின். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே இடமே கிடையாது. பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைப்பது இந்தப் பெல்ட்தான். அது அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், கிராங்க் உடனே நிற்காது. திறந்தபடி நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளையும், அதைப் பிடித்திருக்கும் கைடு உடையும், சில நேரம் பிஸ்டனும் கேமும் போகும். அப்புறம் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு லேத்துக்கு, பாகம் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு என்று அலைய வேண்டியதுதான்.

அந்த விளக்கை நம்பாதீர்கள், தம்பி. அது பெல்டைப் பார்ப்பதில்லை, மீட்டர் 100,000 கிலோமீட்டர் தாண்டியதும் எரியும், அவ்வளவுதான். மீட்டரைக் குறைத்து விற்ற வண்டிகள் நம் ஊரில் எத்தனை!

எனக்கு மீட்டர் கணக்கே இந்த மலைக்குச் சரிப்படாது. டொப் கியரில் 60இல் போகும்போது எஞ்சின் எவ்வளவு சுற்றுமோ, ஏறத்தாழ அவ்வளவு இங்கே இரண்டாம் கியரில் 25இலேயே சுற்றிவிடும். அதாவது ஒரு கிலோமீட்டருக்குப் பெல்ட் இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கிறது. கொழும்பு வண்டிக்குச் சொன்ன 100,000ஐ ஹட்டன் வண்டிக்கும் அப்படியே எடுத்தால் எப்படி? பில் இல்லாத வண்டியென்றால் பெல்ட் போடவே இல்லை என்றே வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டுவிட்டு இறங்குகிறோம். வண்டியின் பாரம் எஞ்சினைப் பின்பக்கமாகச் சுற்றப் பார்க்கும். பெல்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் பேரிங் தளர்ந்திருந்தால் பெல்ட் ஒரு பல் தாவிவிடும். அப்புறம் புகை, இழுவை இல்லை, ஸ்டார்ட் கஷ்டம். பலர் டீசல் பம்பைக் குறை சொல்லிக் கழற்றுவார்கள். முதலில் ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், அதன் பிறகு கியர்.

சத்தத்துக்கு: ஃபேன் பெல்டுகளைக் கழற்றிவிட்டுச் சில வினாடி மட்டும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். அப்போதும் கிர்ரென்றால் டைமிங் பக்கத்து பேரிங்தான். மூடியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு, பல் தேய்வு, எண்ணெய் ஈரம், எது இருந்தாலும் அந்தப் பெல்ட் வேண்டாம்.

மஸ்கெலியா ஸ்கூல்வேன்:
நன்றி பாஸ். ஃபேன் பெல்ட் இல்லாமலும் சத்தம் கேட்கிறது. பெல்ட் மட்டும் போதுமா?

கொட்டகலை பாஸ்:
போதாது. டென்ஷன் பேரிங்கும் கேம், கிராங்க் ஆயில் சீல்களும் கூடவே. சீல் ஒழுகினால் எண்ணெய் பட்டுப் புதுப் பெல்டும் ஊறிப்போகும். போட்டு முடித்ததும் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் நேரே வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். மூடியில் தேதியையும் மீட்டரையும் பெயின்டால் எழுதச் சொல்லுங்கள்.

அதற்குள் ரோட்டில் அறுந்துவிட்டால் சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் விடாதீர்கள். இறக்கம் என்றால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியில் ஓரம் கட்டுங்கள். எஞ்சின் நின்ற பிறகு பிரேக்கின் உதவி கொஞ்சம்தான் மிஞ்சும்.