9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் லோகோ: நடுவே வெள்ளைக் கோடு, ஓரத்தில் குப்பை எழுத்து

கடைக்கணக்கு:
பில்லின் தலையில் கடைப்பெயரைத் தமிழில், லோகோவோடு சேர்த்துப் படமாக அடிக்க வேண்டும். எப்சன் கட்டளைமுறை, யுஎஸ்பி இணைப்பு, விண்டோஸ். படம் 480 புள்ளி அகலம், 64 உயரம். எட்டெட்டு வரிசையாக வெட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் 27 75 (படம் அடிக்கும் கட்டளை), 224 1 (நீளம்), பிறகு 480 பைட், கடைசியில் 13 10 (வரி முடிவு) அனுப்புகிறேன். பட்டைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. சில பட்டைகள் மட்டும் பாதியிலிருந்து வலப்பக்கம் நகர்ந்து, ஓரத்தில் சம்பந்தமில்லாத எழுத்தும் வருகிறது. பைதானில் கோப்பாக எழுதி, காப்பி கட்டளையால் பகிர்ந்த பிரிண்டருக்கு அனுப்புகிறேன்.

ஊசிமுனை:
நீளக் கணக்கு சரிதான்: 224 + 1×256 = 480. வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் வரி இடைவெளி. பிரிண்டர் ஆன் ஆனதும் அது 1/6 அங்குலமாக இருக்கும். எட்டு ஊசியின் உயரமோ 8/72, அதாவது 1/9 அங்குலம். படத்துக்கு முன் 27 51 24 அனுப்புங்கள், 24/216 அங்குலம் நகரும். முடிந்ததும் 27 50 போட்டுப் பழைய இடைவெளிக்குத் திரும்பாவிட்டால் பில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

ஒரு பைட் என்பது எட்டு ஊசியின் ஒரு நெடுவரிசை: மேல் ஊசிக்கு 128, கீழே போகப்போக 64, 32 என்று இறங்கி எட்டாவது ஊசிக்கு 1. ஒன்பதாவது ஊசி இதில் வேலை செய்யாது.

ரிப்பன்:
நகர்வு வேறு கதை. கோப்பை டெக்ஸ்ட் முறையில் திறந்திருக்கிறீர்கள். படத்துக்குள் 10 என்ற பைட் வரும் இடமெல்லாம் (எட்டு ஊசியில் 5-ஆவதும் 7-ஆவதும் அடிக்கும் இடம்) விண்டோஸ் அதை 13 10 ஆக்கிவிடுகிறது. ஒரு பைட் கூடினால் அதன்பின் எல்லாம் ஒரு புள்ளி நகரும். பிரிண்டர் 480 எண்ணி நிறுத்திவிடும். மிஞ்சியதை எழுத்தாக அடிக்கும். 10 வராத பட்டைகள் சுத்தமாக இருப்பது அதனால்தான். பைனரி முறையில் எழுதுங்கள்.

காப்பி கட்டளையிலும் /பி (பைனரி) அவசியம். இல்லாவிட்டால் 26 என்ற பைட்டைக் கோப்பின் முடிவு என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடலாம். அப்படி நின்றால் பிரிண்டர் மீதி பைட்டுக்காகக் காத்திருக்கும். அடுத்த பில்லின் தொடக்கத்தைப் படமாகவே விழுங்கும். ரீசெட் கட்டளையான 27 64-உம் அதில் போய்விடும், பலன் இருக்காது. அணைத்துப் போடுங்கள், அல்லது 480 பூஜ்யம் அனுப்புங்கள்: எண்ணிக்கை நிரம்பியபின் மிஞ்சும் பூஜ்யங்களை அது கண்டுகொள்ளாது.

கடைக்கணக்கு:
இரண்டும் சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் லோகோவில் உள்ள வட்டம் அகலமாகச் சப்பி வருகிறது. செங்குத்துக் கோடும் பட்டைக்குப் பட்டை லேசாக விலகுகிறது.

ஊசிமுனை:
27 75 என்பது குறுக்கே அங்குலத்துக்கு 60 புள்ளி, நெடுக்கே 72. வட்டம் சப்பத்தான் செய்யும். 27 75-க்குப் பதில் 27 42 5 போடுங்கள், பின்னால் அதே 224 1. இப்போது குறுக்கேயும் 72. அகலம் 8 அங்குலத்திலிருந்து சுமார் 6.7 ஆகக் குறையும்.

கோடு விலகுவது, ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிப்பதால். 27 85 1 போட்டால் ஒரே திசையில் அடிக்கும். வேகம் குறையும், லோகோவுக்கு மட்டும் என்பதால் பரவாயில்லை. முடிந்ததும் 27 85 0.

ரிப்பன்:
பின்னால் 24 ஊசி பிரிண்டருக்கு மாறினால் 27 42 39, அங்குலத்துக்கு 180 புள்ளி. ஒரு நெடுவரிசைக்கு மூன்று பைட். நீளத்தில் கொடுப்பது நெடுவரிசை எண்ணிக்கைதான், பைட் எண்ணிக்கை அல்ல. அங்கே இடைவெளி அலகு 1/180 அங்குலம் என்பதால் 27 51 24 அப்படியே பொருந்தும்.